பிரிண்டர் முரண்டு பிடிக்கும்போது: குற்றம் மையிலா, வேறெங்காவதா?

மலைநாட்டில் அட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கமிருந்து பழுது பார்க்க வரும் பிரிண்டர்கள் தனியாக வருவதில்லை. கூடவே ஒரு தீர்ப்பும் வரும்: "வெளி இங்க் ஊத்தினோம் அண்ணே, அதான் போயிருச்சு." சில சமயம் அந்தத் தீர்ப்பு சரிதான். ஆனால் திறந்து பார்த்தால் ஈரம் குடித்த தாள், அச்சடிக்கும் நடுவில் போன கரண்ட், பரீட்சை முடிந்ததிலிருந்து மூடியே கிடந்த, மை துப்பும் தலை என்று வேறு ஏதாவதுதான் அதிகம் அகப்படுகிறது. ஒரிஜினல் மையைத் தவிர வேறெதையும் காணாத பிரிண்டர்களும் இதே கோளாறுகளோடு வருகின்றன.

அதனால் மையை மாற்றும் முன், கண்ணுக்குத் தெரியும் அடையாளத்திலிருந்து தொடங்குங்கள். கீழே ஒவ்வோர் அடையாளத்துக்கும் செலவில்லாத காரணம் முதலில், பணம் தின்னும் காரணம் கடைசியில். பிரிண்டர் கம்பனியே விற்கும் மையை ஒரிஜினல் என்றும், மற்றவர்கள் தயாரிப்பதை வெளி மை என்றும் எழுதுகிறேன்.

## எதையும் கழற்றும் முன்

முதலில் ஒரு நொசில் செக் அச்சிடுங்கள், அதாவது தலையின் நுண்ணிய துளைகள் எல்லாவற்றிலும் மை வருகிறதா என்று காட்டும் சோதனைத் தாள். கொம்பியூட்டரில் பிரிண்டரின் செட்டிங்ஸுக்குள் மெயின்டனன்ஸ் என்ற பகுதியில் இது இருக்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் சின்னச் சின்னக் கோடுகளாலான ஒரு கட்டம் வரும். அந்தத் தாளில் திகதியைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். எறிந்துவிடாதீர்கள், பின்னால் அதுதான் சாட்சி.

இரண்டாவது, உள்ளே இருப்பது எந்த வகை மை என்று தெரிந்துகொள்ளுங்கள். மையில் இரண்டு வகை: நீரில் முழுதாகக் கரைந்திருக்கும் டை மை, நுண்ணிய தூளாக மிதந்துகொண்டிருக்கும் பிக்மென்ட் மை. எப்சன் எல்130, எல்360 போன்றவற்றுக்கான 664 மையும், எல்3110, எல்3210, எல்3250 வரிசைக்கான 003 மையும் நான்கு நிறத்திலும் டை. கெனன் ஜி வரிசையிலும், போத்தலிலிருந்து மை ஊற்றும் எச்.பி. டாங்கி வகைகளிலும் பெரும்பாலும் கறுப்பு மட்டும் பிக்மென்ட், மற்ற மூன்றும் டை. உங்கள் கறுப்பு எது என்று சந்தேகம் இருந்தால், முந்தின நாள் அச்சிட்ட தாளில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். நீலமோ ஊதாவோ ஓடினால் டை. எழுத்து அப்படியே நின்றால் பிக்மென்ட்.

மூன்றாவது, தலை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். செலவைத் தீர்மானிப்பது இதுதான். எச்.பி. 680, கெனன் பி.ஜி.-745 போன்ற சிறிய காட்ரிட்ஜ்களில் மை துப்பும் தலை காட்ரிட்ஜின் அடியிலேயே ஒட்டியிருக்கிறது. கெட்டுப்போனால் புதுக் காட்ரிட்ஜோடு புதுத் தலையும் வந்துவிடும். கெனன் ஜி வரிசையில் தலை இரண்டு துண்டுகள், தனித்தனியாக மாற்றலாம். எப்சனிலும் பிரதரிலும் தலை பிரிண்டரோடு பிரிண்டராக இருக்கிறது. அது போனால், அநேகமாக இன்னொரு பிரிண்டருக்கான பேச்சுத்தான்.

## அடையாளம்: அச்சில் குறுக்கே வெள்ளைக் கோடுகள்

### நொசில் செக் முழுதாக வருகிறது, ஆனால் படத்தில் கோடு விழுகிறது

மையிலும் தலையிலும் குற்றமில்லை. டிராஃப்ட் என்ற சிக்கன நிலையில் அச்சிடுகிறீர்களா என்று பாருங்கள். வினாத்தாள் அடிக்கும்போது அதைப் போட்டுவிட்டு, பிறகு படம் அடிக்கும்போது மாற்ற மறந்துவிடுவார்கள். அடுத்து, உள்ளே இருக்கும் தாளின் வகையும் செட்டிங்ஸில் சொல்லியிருக்கும் வகையும் ஒன்றுதானா? சாதாரணத் தாள் என்று சொல்லிவிட்டு போட்டோப் பேப்பர் வைத்தால் கோடு விழும். இவை சரியென்றால், தலையின் வரிசையை நேராக்கும் ஹெட் அலைன்மென்ட்டை ஓட விடுங்கள். காசு எதுவும் போகாது.

### நொசில் செக்கில் இடைவெளி, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்

அடைப்பு. மை அந்தத் துளையில் காய்ந்திருக்கிறது. அதே மெயின்டனன்ஸ் பகுதியில் இருக்கும், தலையைக் கழுவும் கிளீனிங்கை ஒரு முறை ஓட்டி மறுபடி செக் எடுங்கள். இடைவெளி குறைந்துகொண்டே வந்தால் நம்பிக்கை உண்டு. மூன்று முறை ஓட்டியும் அசையவில்லை என்றால் அதோடு நிறுத்துங்கள். பிரிண்டரை அணைத்து 12 மணி நேரம் அப்படியே விடுங்கள். எப்சனின் கையேடே இதைத்தான் சொல்கிறது, வெறும் பாட்டி வைத்தியம் அல்ல. அந்த நேரத்தில் தலையின் முகத்தில் நிற்கும் புது மை, காய்ந்த மையைக் கொஞ்சம் கொஞ்சமாக இளக்கும். காலையில் ஒரு முறை கிளீனிங், ஒரு செக்.

கோபத்தில் வரிசையாகப் பத்து முறை கிளீனிங் ஓட்டுகிறவர்கள் அதிகம். ஒவ்வொரு கிளீனிங்கும் மையை உறிஞ்சிக் கழிவுப் பஞ்சுக்குள் கொட்டுகிறது. அந்தப் பஞ்சு நிறைந்தால் வரும் தொல்லை கீழே தனியாக இருக்கிறது.

டாங்கி உள்ள எப்சனில் இதற்கும் மேலே பவர் கிளீனிங் என்று ஒன்று உண்டு. குழாயில் இருக்கும் மை முழுவதையும் மாற்றிவிடும். எல்லா டாங்கியிலும் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு மை இருந்தால் மட்டும் தொடங்குங்கள். குறைவாக இருக்கும்போது ஓட்டினால் குழாய்க்குள் காற்றுப் புகுந்து, அடைப்போடு இன்னொரு நோயும் சேர்ந்துகொள்ளும். பவர் கிளீனிங்குக்கும் அசையாத அடைப்பென்றால் வீட்டு வைத்தியம் முடிந்தது. சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து எப்சன் தலைக்குள் அழுத்துவது, ஸ்பிரிட் விடுவது எல்லாம் வேண்டாம். அழுத்தம் தாங்காமல் உள்ளே ஒரு நிறம் இன்னொன்றோடு கலந்துவிட்ட தலைகளைப் பார்க்கிறேன். அவற்றைத் திருப்பிக் கொண்டுவர முடிவதில்லை.

இந்த அடைப்புக்கு வெளி மை காரணமா? டை ஊற்ற வேண்டிய டாங்கியில் பிக்மென்ட் கறுப்பு போயிருந்தால், ஆம், பெரும்பாலும் அதுதான். தூள் அடியில் தங்கும், சும்மா கிடந்தால் இறுகும். அல்லது போன மாதம் ஒரு கம்பனி, இந்த மாதம் இன்னொன்று என்று ஒரே டாங்கியில் கலந்திருந்தாலும் சந்தேகப்படலாம். சில மைகள் ஒன்றோடொன்று சேராமல் குழாயில் கட்டி தட்டும். அப்படியில்லாமல் ஒரே டை மையைத் தொடர்ந்து ஊற்றி வந்த பிரிண்டர் என்றால், எத்தனை நாள் சும்மா கிடந்தது என்றுதான் முதலில் கேட்பேன். டியூஷன் எடுக்கும் ஆசிரியர்களின் பிரிண்டர் தவணைப் பரீட்சை வரை ஓய்வில்லாமல் ஓடும், விடுமுறை விட்டதும் துணி போர்த்திக் கிடக்கும். வாரத்துக்கு ஒரு வண்ணப் பக்கம் அச்சிட்டிருந்தால் போதும்.

### நொசில் செக்கில் இடைவெளி, ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில்

இது அடைப்பல்ல, காற்று. மை போதிய வேகத்தில் தலைக்கு வந்து சேரவில்லை. கிளீனிங் ஓட்ட ஓட்ட மோசமாகும். டாங்கியில் மை கீழ்க் கோட்டுக்கு மேலே இருக்கிறதா பாருங்கள். மூடியைக் கழற்றித் திரும்பப் போடுங்கள். தலைக்குப் போகும் குழாயில் இடையிடையே வெறும் பகுதி தெரிந்தால், பிரிண்டரை அணைத்து ஓர் இரவு அசையாமல் விட்டு, காலையில் ஒரு முறை மட்டும் கிளீனிங் ஓட்டுங்கள். அப்படியும் இடம் மாறி மாறி விட்டுப்போனால் தலைக்கு மேலே இருக்கும் டாம்பர், அதாவது குழாயில் வரும் மையைத் தாங்கித் தலைக்கு விடும் சின்ன அறை, பழுதாகியிருக்கலாம். அது மலிவான உதிரிப்பாகம்தான், ஆனால் மாற்றுவது பழகிய கையின் வேலை.

## அடையாளம்: ஒரு நிறம் அடியோடு வரவில்லை

### டாங்கி பிரிண்டரில்

மூன்று நிறம் அழகாக வந்து ஒன்று மட்டும் இல்லை என்றால், முதலில் அந்த டாங்கியின் மூடியைப் பாருங்கள். அடுத்து, பிரிண்டரை அண்மையில் எங்காவது கொண்டுபோனீர்களா? சாய்த்துக் கொண்டுபோனால் மை ஒரு பக்கம் ஓடி, குழாய் காலியாகும். பழைய எப்சன் எல்210 வகையில் பக்கவாட்டில் ஒரு திருகு இருக்கும், கொண்டுபோகும்போது மை வராமல் பூட்டி வைப்பதற்கு. அதைத் திறக்க மறந்துவிட்டு, "மையே வரல்ல" என்று பிரிண்டரை அட்டைப்பெட்டியில் போட்டுப் பேருந்தில் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

மஞ்சள் வருகிறதா இல்லையா என்பது வெள்ளைத் தாளில் சட்டென்று தெரியாது. பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள்.

கெனனிலும் எச்.பி.யிலும் ஒரு நிறம் வராத நிலையில் பிடிவாதமாக அச்சிட்டுக்கொண்டே இருக்காதீர்கள். இந்த வகைத் தலைகள் மையைச் சூடாக்கித்தான் துப்புகின்றன. மை இல்லாமல் சூடாகும் துளை கருகிப்போகும். எப்சனிலும் பிரதரிலும் சூடு இல்லை, அதனால் அந்தப் பயம் குறைவு.

### காட்ரிட்ஜ் பிரிண்டரில்

புதிது என்றால் அடியிலும் மேலேயும் ஒட்டியிருக்கும் பாதுகாப்பு டேப்பை முழுதாக உரித்தீர்களா?

கடையில் மை நிரப்பியது என்றால் மேலே பாருங்கள். நிரப்பிய துளையை மூட, காற்று வரும் துளையையும் சேர்த்து சலோட்டேப் ஒட்டியிருப்பார்கள். காற்று போகாவிட்டால் மை இறங்காது. அரைப்பக்கம் நன்றாக அடித்து, பிறகு வெளிறி, பிறகு ஒன்றுமே வராது. டேப்பில் ஊசியால் ஒரு துளை போட்டாலே பல காட்ரிட்ஜ்கள் உயிர்பெற்றுவிடும்.

அதுவும் இல்லையென்றால், டிஷ்யூ ஒன்றை இரண்டாக மடித்து, வெதுவெதுப்பான காய்ச்சி வடித்த நீரில் லேசாக நனைத்து, காட்ரிட்ஜின் அடிப்பக்கத்தை அதன்மேல் ஒரு நிமிடம் வையுங்கள். கறுப்பு என்றால் ஒரு பட்டை, வண்ணம் என்றால் மூன்று பட்டை பதிய வேண்டும். மூன்றும் தெளிவாகப் பதிந்தால் திரும்பப் போட்டு ஒரு கிளீனிங். ஒரு பட்டை மட்டும் இல்லையென்றால் அந்த அறையில் மை இல்லை, அல்லது துளை அடைத்திருக்கிறது. பட்டைகள் சேறு மாதிரி கலந்து பதிந்தால் நிரப்பும்போது ஒரு நிறம் மற்றதுக்குள் வழிந்திருக்கிறது. பதிந்தும் அச்சில் வரவில்லை என்றால் தலை கருகிவிட்டது, அந்தக் காட்ரிட்ஜை விட்டுவிடுங்கள்.

செப்பு நிறத் தொடுபுள்ளிகளையும் உலர்ந்த, பஞ்சு உதிராத துணியால் துடையுங்கள். நிரப்பும்போது வழிந்த மை அங்கே காய்ந்திருந்தால், பிரிண்டர் காட்ரிட்ஜையே காணவில்லை என்று சொல்லும்.

## அடையாளம்: நிறம் மாறி வருகிறது

நொசில் செக் முதலில். ஒரு நிறம் விட்டுப்போயிருந்தால் மேலே உள்ள பகுதிக்குப் போங்கள். மஜந்தா என்ற சிவப்பு இல்லாவிட்டால் முகம் பச்சையடிக்கும், நீலம் இல்லாவிட்டால் சிவந்து மஞ்சளாகும்.

நொசில் செக் முழுது, ஆனால் முகமெல்லாம் ஒருமாதிரி இருக்கிறதா? தாள் வகை செட்டிங்ஸை மறுபடி பாருங்கள். அதுவும் சரியென்றால் இங்கேதான் வெளி மை உண்மையாகவே காரணமாகிறது. பிரிண்டரின் மென்பொருள் தன் கம்பனி மையின் அடர்த்திக்கு அளந்து வைத்த கணக்கில் நிறம் கலக்கிறது. வேறு மையின் அடர்த்தி கொஞ்சம் வித்தியாசமாக இருந்தால் கணக்குத் தப்பும். வினாத்தாளுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. பிறந்தநாள் படம், அடையாள அட்டைப் படம் அடிக்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம். செட்டிங்ஸில் நிறத்தைக் கையால் திருத்திப் பார்க்கலாம், ஓரளவுக்குச் சரிவரும்.

நொசில் செக்கிலேயே மஞ்சள் கட்டம் பச்சையாகவோ, சிவப்புக் கட்டம் ஊதாவாகவோ வந்தால் போத்தல் மாறி ஊற்றியிருக்கிறீர்கள். உடனே நிறுத்துங்கள், ஒரு பக்கம்கூட அடிக்க வேண்டாம். புதிய சில பிரிண்டர்களின் ஒரிஜினல் போத்தல்கள் அந்தந்த நிறத்தின் டாங்கிக்கு மட்டுமே பொருந்தும். வெளி மைப் போத்தலின் மூக்கு எல்லா டாங்கிக்கும் பொருந்தும், வசதியும் அதுதான் ஆபத்தும் அதுதான். கலந்த மை டாங்கியில் மட்டும் இருக்கும்போதே பிடித்தால் சிரிஞ்சில் உறிஞ்சி எடுத்து, சரியான மையை ஊற்றி, பவர் கிளீனிங் ஓட்டினால் தீர்ந்தது. தலை வரை போய்விட்டால் குழாயைக் கழுவ வேண்டும். அதை வீட்டு மேசையில் செய்தால் மேசைதான் முதலில் நிறம் மாறும்.

## அடையாளம்: மை காயவில்லை, தேய்த்தால் கலைகிறது

மலைநாட்டில் வெளி மையின் தலையில் அநியாயமாக விழும் குற்றங்களில் இதுதான் முதலிடம்.

### சாதாரணத் தாளில் எழுத்து பரவி, தாள் நெளிகிறது

தாளைத் தொட்டுப் பாருங்கள். எப்சன் கையேட்டில் பிரிண்டர் இயங்கத் தகுந்த ஈரப்பதம் 20 முதல் 80 வீதம் என்று இருக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை அட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கம் கொட்டும்போது வீட்டுக்குள்ளேயே அந்த 80ஐத் தாண்டும் நாட்கள் உண்டு. பதுளை, பண்டாரவளைப் பக்கம் அதே கதை ஒக்டோபர் முதல் ஜனவரி வரை, வடகீழ்ப் பருவமழையில். கட்டைப் பிரித்து ரிம்மைப் பிரிண்டருக்குப் பின்னாலேயே நிறுத்தி வைத்தால் ஒரே இரவில் தாள் அப்பளமாக நமத்துவிடும். அப்படிப்பட்ட தாளில் ஒரிஜினல் ஊற்றினாலும் பரவத்தான் செய்யும்.

பிரிக்காத ரிம்மிலிருந்து ஒரு தாள் எடுத்து அதே பக்கத்தை அடியுங்கள். சரியாக வந்தால் மையைத் திட்டாதீர்கள். தேவையான தாளை மட்டும் வைத்து, மிச்சத்தை அதன் உறையோடு மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் போடுங்கள். சப்பாத்துப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்களை எறியாமல் அதற்குள் போட்டு வைக்கலாம். தாள் இரண்டிரண்டாக இழுபடுவதும், சிக்குவதும்கூட இதனால் குறையும்.

புதுத் தாளிலும் பரவினால், 70 கிராம் தாளா 80 கிராம் தாளா என்று பாருங்கள். மெல்லிய மலிவுத் தாளில் டை மை பின்பக்கம் வரை ஊறும். அதன் பிறகுதான் மையைச் சந்தேகப்படலாம்.

### காய்ந்தது, ஆனால் மழைத்துளி பட்டதும் ஓடுகிறது

கறுப்பு டை என்றால் இது கோளாறே இல்லை, அந்த மையின் சுபாவம். பிரதேச செயலகத்துக்கோ கிராம உத்தியோகத்தரிடமோ கொண்டுபோகும் படிவத்தை நனையாத கோப்பில் வையுங்கள். கடித உறையில் முகவரியைக் கையாலேயே எழுதிவிடுவது நல்லது.

ஆனால் கெனன் ஜி வரிசையோ எச்.பி. டாங்கியோ வைத்திருக்கிறீர்கள், முன்பு தண்ணீர் பட்டாலும் நின்ற எழுத்து இப்போது ஓடுகிறது என்றால், பிக்மென்ட் இருக்க வேண்டிய டாங்கியில் டை கறுப்பு போயிருக்கிறது. "எல்லாப் பிரிண்டருக்கும் பொருந்தும்" என்று எழுதிய போத்தல்களில் பெரும்பாலும் டைதான் இருக்கும். இதனால் தலை உடனே கெட்டுவிடாது, எழுத்தின் கறுப்பு மட்டும் மங்கும். டாங்கியில் இருப்பது தீரும்வரை ஓட்டிவிட்டு, அடுத்த முறை பிக்மென்ட் என்று கேட்டு வாங்குங்கள். எதிர்ப்பக்கம், அதாவது டை டாங்கியில் பிக்மென்ட் போவதுதான் ஆபத்தானது.

### போட்டோப் பேப்பரில் விரல் பட்டால் வருகிறது

தாளின் பளபளப்பான பக்கத்தில்தான் அடித்தீர்களா? பின்பக்கத்தில் அடித்தால் எந்த மையும் நிற்காது. சரியான பக்கம் என்றால் ஒரு நாள் காய விடுங்கள், பனிமூட்ட நாளில் அவ்வளவு நேரம் பிடிக்கும். பளபளப்பான தாளில் பிக்மென்ட் கறுப்பு சரியாக ஒட்டாது, தேய்த்தால் வரும். தாள் வகையைப் போட்டோப் பேப்பர் என்று சரியாகச் சொன்னால் கெனன் அந்தக் கறுப்பைத் தவிர்த்து மற்ற மூன்று நிறத்திலிருந்து கறுப்பைக் கலந்துகொள்ளும்.

## அடையாளம்: காலையில் வராது, மத்தியானம் வரும்

நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளி அடிவாரத் தோட்டங்கள், கந்தப்பளைப் பக்கத்து வாசகர்களுக்கு இது. ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் புல்லில் உறைபனி விழும் ஊரில், பிரிண்டர் மட்டும் எப்படிச் சுகமாக இருக்கும்? எப்சன் பிரிண்டர்கள் இயங்கத் தகுந்த வெப்பநிலை 10 முதல் 35 பாகை. ஜன்னலோர மேசையில் இருக்கும் பிரிண்டர் விடியற்காலை அதற்குக் கீழே போய்விடும். குளிரில் மை தடித்து, துளையில் மெதுவாக வரும். நொசில் செக்கில் ஆங்காங்கே விட்டுப்போகும்.

கிளீனிங் ஓட்டாதீர்கள், மைதான் வீணாகும். அறை சூடேறும்வரை காத்திருந்து மறுபடி செக் எடுங்கள். சரியாக வந்தால் பிரிண்டரை வெளிச்சுவரிலிருந்தும் ஜன்னலிலிருந்தும் தள்ளி வையுங்கள். அடுப்பங்கரைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம், புகையும் சூடும் வேறு தொல்லை. முடி உலர்த்தும் மெஷினால் சூடு காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். பிளாஸ்டிக் வளைந்த பிரிண்டரை எந்தக் கடையிலும் நிமிர்த்தித் தர மாட்டார்கள்.

மத்தியானமும் அதே இடைவெளி இருந்தால் குளிர் காரணமல்ல, வெள்ளைக் கோடுகள் பகுதிக்குப் போங்கள்.

## அடையாளம்: கரண்ட் போய் வந்தபின் அச்சு சரியில்லை

மழைக்காலத்தில் மரம் விழுந்து லைன் போவது இங்கே சாதாரணம். அச்சடிக்கும்போது கரண்ட் போனால் தலை தன் மூடிக்கு வந்து சேராமல் நடுவழியில் நிற்கும், காற்றுப் பட்டுக் காயும். கரண்ட் வந்தவுடன் ஒரு தடவை ஒன் செய்து, ஓசை நின்றதும் பிரிண்டரின் சொந்த பட்டனாலேயே ஓஃப் செய்யுங்கள். தலை தானாக மூடிக்குள் போய்விடும். சுவரில் உள்ள சுவிட்சை மட்டும் தட்டி அணைக்கும் பழக்கம் உள்ள வீடுகளில் கரண்ட் போகாமலே இந்தக் கோளாறு தினமும் நடக்கிறது.

## அடையாளம்: பிரிண்டர் காட்ரிட்ஜை ஏற்க மறுக்கிறது

தொடுபுள்ளியைத் துடைத்துத் திரும்பப் போடுங்கள். பாதிக் கேஸ் அங்கேயே முடியும்.

கெனனில் ஈ13 அல்லது ஈ16 என்று வந்தால் கோளாறில்லை. மை தீர்ந்துவிட்டது என்று அது தன் கணக்கில் நினைக்கிறது, நீங்கள் நிரப்பியது அதற்குத் தெரியாது. ஸ்டொப் பட்டனை ஐந்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் தொடரும். அதன் பிறகு அந்தக் காட்ரிட்ஜில் எவ்வளவு மை இருக்கிறது என்று பிரிண்டர் காட்டாது, எண்ணிக்கை உங்கள் பொறுப்பு. வெளிறத் தொடங்கியதும் நிரப்புங்கள், முற்றாக வறண்டபின் அல்ல. ஈ04, ஈ05 என்றால் காட்ரிட்ஜையே அடையாளம் காணவில்லை. துடைத்தும் மாறவில்லை என்றால் அதன் மின்சுற்று போயிருக்கும்.

எச்.பி.யில் "பாவித்த அல்லது போலி" என்று செய்தி வந்தால் சரி என்று அழுத்திவிட்டுத் தொடரலாம், அது எச்சரிக்கை மட்டுமே. ஆனால் காட்ரிட்ஜில் அது யாருடையது என்று அடையாளம் காட்டும் சிப் உள்ள மாதிரிகளில் முற்றாகத் தடுப்பதும் உண்டு. 2016 செப்டெம்பரில், அதுவரை வேலை செய்த வெளிக் காட்ரிட்ஜ்களை எச்.பி. ஒபிஸ்ஜெட் பிரிண்டர்கள் உலகமெங்கும் ஒரே நேரத்தில் நிராகரித்தன. பிரிண்டரின் மென்பொருளுக்குள் முன்கூட்டியே வைத்திருந்த தடை அது. அந்த ஏற்பாடு இன்றும் தொடர்கிறது. வேறு கம்பனியின் சிப் இருந்தால் தடுக்கும். எச்.பி.யின் சொந்தச் சிப் இருக்கும் பழைய காட்ரிட்ஜில் மை நிரப்பினால் தடுக்காது. அதனால் எச்.பி. காட்ரிட்ஜ் பிரிண்டர்காரர்களுக்கு என் ஆலோசனை: வெளிக் காட்ரிட்ஜ் வாங்குவதைவிட, ஒரிஜினல் ஒன்றை வாங்கி அதையே நிரப்புங்கள். நேற்று வரை ஓடிய வெளிக் காட்ரிட்ஜ் இன்று திடீரென்று நின்றால், இடையில் மென்பொருள் அப்டேட் நடந்திருக்கும். தானாக அப்டேட் ஆவதைச் செட்டிங்ஸில் நிறுத்தி வைக்கலாம். எச்.பி. பிளஸ் என்று பதிந்து தொடங்கிய பிரிண்டரில் இந்த வழியும் இல்லை, அது ஒரிஜினல் மையும் இணைய இணைப்பும் கேட்கும். பெட்டியைப் பிரிக்கும் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள்.

## அடையாளம்: விளக்குகள் மாறி மாறி மின்னுகின்றன, எதுவும் அசையவில்லை

தாள் சிக்கியிருக்கிறதா, உள்ளே பேனா மூடியோ பிள்ளைகளின் அழிறப்பரோ விழுந்திருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். விழுந்திருக்கும், நம்புங்கள்.

ஒன்றுமில்லை என்றால், எப்சனில் இரண்டு சிவப்பு விளக்கு மாறி மாறி மின்னுவதும், கெனனில் 5பி00 என்று வருவதும் கழிவு மைப் பஞ்சு நிறைந்துவிட்டது என்ற அர்த்தம். கிளீனிங் ஓட்டிய மை எல்லாம் இங்கேதான் வந்து சேர்ந்திருக்கிறது. பிரிண்டர் பஞ்சை அளந்து பார்ப்பதில்லை, எத்தனை முறை கொட்டினோம் என்று எண்ணிக்கை வைத்து நின்றுவிடுகிறது.

எண்ணிக்கையைப் பூச்சியமாக்கும் மென்பொருள் இணையத்தில் கிடைக்கிறது, பாதி வைரஸோடு. அதைவிட முக்கியம், எண்ணிக்கையை மட்டும் அழித்துவிட்டுப் பஞ்சை மாற்றாமல் விட்டால் ஒரு நாள் பிரிண்டரின் அடியிலிருந்து கறுப்பு மை ஒழுகி மேசை விரிப்பில் இறங்கும். பஞ்சை மாற்றி எண்ணிக்கையையும் அழித்துத் தரும் கடைக்குக் கொண்டுபோங்கள். "ரீசெட் மட்டும் போதும்" என்று சொல்லும் கடையில், பஞ்சை என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். இந்தக் கோளாறுக்கும் வெளி மைக்கும் சம்பந்தமில்லை. சம்பந்தம் கிளீனிங் பட்டனோடுதான்.

## அடுத்த போத்தல் எது?

2022இல் ரூபா சரிந்தபோது, அதுவரை ஒரிஜினலைத் தவிர எதையும் தொடாதவர்களும் வெளி மைப் பக்கம் வந்தார்கள். வந்ததில் தப்பில்லை. ஆனால் எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது.

தலை காட்ரிட்ஜோடு வரும் பிரிண்டர் என்றால் தாராளமாக வெளி மை நிரப்புங்கள். எச்.பி. 680 கறுப்பு சுமார் 480 பக்கம், வண்ணம் 150 பக்கம்தான் தரும் என்று கம்பனியே சொல்கிறது. ஒவ்வொரு முறையும் புதிது வாங்கி ஒரு வகுப்புக்கு வினாத்தாள் அடிக்க முடியாது. கெட்டால் நட்டம் ஒரு காட்ரிட்ஜ்.

எப்சன் டாங்கி என்றால் நான் ஒரிஜினலையே சொல்வேன். 664 கறுப்புப் போத்தல் ஒன்று சுமார் 4000 பக்கம் ஓடும். பக்கத்துக்கு என்று பிரித்தால் வெளி மையில் மிச்சமாவது கொஞ்சம்தான், பணயம் வைப்பதோ மாற்ற முடியாத தலையை. மாதத்துக்கு ஆயிரக்கணக்கில் அடிக்கும் டியூஷன் வகுப்பு என்றால் கணக்கு மாறலாம். அப்படியானால் ஒரு நல்ல டை மையைத் தெரிந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள், மாதத்துக்கு ஒன்று மாற்றாதீர்கள். கெனன் ஜி வரிசை நடுவில்: வண்ணத்துக்கு வெளி மை பரவாயில்லை, கறுப்புக்கு பிக்மென்ட் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும்.

உத்தரவாதக் காலம் முடியும்வரை எல்லோருக்கும் ஒரிஜினல்தான். வெளி மையால் வந்த பழுது என்று தெரிந்தால் உத்தரவாதம் கை கொடுக்காது. ஒரிஜினல் என்ற பெயரில் போலியும் விற்கிறார்கள். சீல் தளர்ந்திருந்தாலோ, விலை மற்றக் கடைகளைவிடச் சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தாலோ விட்டுவிடுங்கள். போலியைவிடப் பெயர் போட்ட வெளி மை மேல்.

## கடைக்குக் கொண்டுபோகும்போது

டாங்கி மூடிகளை இறுக்கி, பூட்டுத் திருகு இருந்தால் பூட்டி, மட்டமாக வைத்துக் கொண்டுபோங்கள். நம்முடைய வளைவுப் பாதைகளில் பேருந்தின் மேல் தட்டில் சாய்த்து வைத்தால், கீழே உட்கார்ந்திருப்பவரின் சட்டைக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். மடியில் வைத்துக்கொள்வதே உத்தமம். காட்ரிட்ஜையோ தலையையோ கழற்றித் தனியாகப் பையில் போடாதீர்கள், அங்கேயே இருக்கட்டும், கழற்றினால் காய்ந்துவிடும்.

கூடவே மூன்றை எடுத்துப்போங்கள்: திகதி போட்ட நொசில் செக் தாள்கள், கடைசியாக ஊற்றிய மைப் போத்தல் அல்லது அதன் படம், கரண்ட் வயர். எந்த மை ஊற்றினீர்கள் என்பதை மறைக்க வேண்டாம். டை டாங்கியில் பிக்மென்ட் போனது தெரிந்தால் குழாயைக் கழுவுவதில் தொடங்கலாம். தெரியாவிட்டால் தலையைக் கழற்றிப் பார்க்க வேண்டிவரும், அதற்கான கூலியும் உங்களுடையதுதான்.